அடுப்படி வரைக்கும் வொய்ஃபை

எங்கள் வீடு நீளமான வீடு. வாசலில் நின்று ‘பசிக்குது’ என்று குரல் கொடுத்தால், அது அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் பசியே அடங்கிவிடும். முன்பாதி நான் கட்டியது. கான்கிரீட், டைல்ஸ், பார்க்கிறவன் வயிறெரிய வேண்டும் என்பதற்காகவே வாசலில் வைத்த கலர் கண்ணாடி. பின்பாதி அப்பா காலத்தது. நடுவில் ஒரு நடை, அதைத் தாண்டினால் அடுப்படி. அடுப்படிச் சுவர் முழுக்கச் சுண்ணாம்புக்கல். முழங்கை நீளத்துக்குத் தடிமன் இருக்கும்.

நான் வேலை பார்த்தது ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், லாரி எடைமேடையில். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு எடை. அவ்வளவுதான் வேலை. வாழ்நாள் முழுக்க அந்தக் கல்லை அரைக்க அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் கல் என்னைப் பழிவாங்கிவிட்டது. கூடத்தில் இருக்கிற வொய்ஃபையை அடுப்படிக்குள் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டது.

அது ஒரு குறையாகவே முன்னெல்லாம் தெரிந்ததில்லை. அடுப்படியில் என் மனைவி இருந்தாள். அவள் இருக்கிற இடத்தில் வேறு ஒலிபரப்பு தேவைப்படாது. பால்காரர் தண்ணி கலந்தது, பக்கத்து வீட்டு மாடு முருங்கையைக் கடித்தது, நான் செருப்பை இடம் மாற்றி விட்டது, எல்லாம் அங்கிருந்து நேரடியாகக் கூடத்துக்கு வந்துகொண்டிருக்கும். நான் நடுநடுவே “ம்” கொட்டுவேன். அதற்குத்தான் எனக்குச் சாப்பாடு.

சிங்கப்பூரில் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்க்க என் மனைவி போனாள். பார்த்தாகிவிட்டது. பிறகு பெண் வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையை யாரிடம் விடுவது என்று கேள்வி வந்தது. இங்கே நான் ஒருத்தன் சும்மாதானே இருக்கிறேன், எனக்கு என்ன குறை என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அந்த முடிவுக்கு முதலில் கை தூக்கியவன் நான்தான். ‘வந்துடு’ என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் என் வாயில் ஜோக்தான் வரும். பிறவிக் கோளாறு.

தினம் சாயங்காலம் வீடியோவில் பேசுவோம். அங்கே குழந்தை தூங்கியிருக்கும், பெண்ணும் மாப்பிள்ளையும் அவரவர் கம்ப்யூட்டரில் இருப்பார்கள். நான் கூடத்தில் வொய்ஃபை பெட்டிக்குக் கீழே, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்வது போலச் சம்மணம் போட்டு உட்கார்வேன். பகலெல்லாம் யோசித்து ஒரு ஜோக் தயார் செய்து வைத்திருப்பேன். ஆரம்பத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். போகப் போகப் பல் மட்டும் சிரித்தது. அப்புறம் அதுவும் இல்லை.

“சாப்டீங்களா?”

“ஆச்சு. நீ?”

“ம்.”

என் “ம்”-மை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவு வருஷம் நான் கொட்டியதெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது.

ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் பெண் பேசினாள். “அப்பா, அம்மா இங்க ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாங்கப்பா. டிவி கூடப் பாக்கறதில்ல. ஜன்னல்கிட்ட போயி நின்னுக்கிறாங்க. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கிறாங்க. நீயாவது கேளேன்.”

கேட்டேன். “என்னடி, பொண்ணு உன் வாயைப் புடுங்கி ஃப்ரிட்ஜுல வச்சிட்டாளா?” என்றுதான் கேட்டேன். சிரிக்கவில்லை. “ஏங்க, அடுப்படியைக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்றாள்.

“அடுப்படில என்ன இருக்கு?”

“இந்த ஊரு அடுப்புல தீயே இல்லங்க. கண்ணாடி மேல சட்டிய வச்சா அது பாட்டுக்குக் கொதிக்குது. நீங்க நம்ம அடுப்படியைக் காட்டுங்க.”

போனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நடையில் கால் வைத்ததும் படம் நின்றது. திரும்பிக் கூடத்துக்கு வந்த பிறகுதான் உயிர் வந்தது. “நடையில வாயப் பொளந்துக்கிட்டு அப்படியே நின்னுட்டீங்க” என்றாள். “அதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.” வாயைப் பிளந்த என் முகத்தை அவ்வளவு நேரம் வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. கட்டிக்கொண்டவளுக்கே வரும் தண்டனை அது.

வீட்டுக்குள் போன் டவரும் சரிவரக் கிடைக்காது. மொட்டைமாடிக்குப் போனால்தான் உண்டு. அடுப்படியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போக முடியாது. ஆக அவள் கேட்டதைக் காட்ட வழியில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழியில்லை என்பதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. அடுப்படியில் அவளுடைய தோசைக்கல் இருந்தது. அதில் அவள் சப்பாத்தி போட விடமாட்டாள், ஆம்லெட் என்று பேச்செடுத்தால் ஆளையே மாற்றிவிடுவாள். கருகருவென்று எண்ணெய் குடித்துப் பழகின கல். அவள் போன பிறகு ஒரு நாள் அதில் தோசை ஊற்றினேன். கல்லும் தோசையும் பிரிய மறுத்தன. கல்லில் ஏதோ அழுக்கு என்று நினைத்தேன். சோப்புப் போட்டு, கம்பி நாரால் மூச்சு வாங்க வாங்கத் தேய்த்தேன். வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். ஆணியில் மாட்டிவைத்துவிட்டு, எவ்வளவு சுத்தம் என்று இரண்டு நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணி, என் பெரியப்பா மகனின் மனைவி, குழம்பு கொண்டுவந்தவர் அதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்தக் கறுப்பு அழுக்கில்லை, வருஷக்கணக்காக எண்ணெயில் பழக்கினது என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஆனாலும் அவள் கேட்டது அடுப்படியை. அவளாக வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

“மாமா, பழைய மோடம் இருக்கா? ஃபோன் லைன்ல நெட் இருந்தப்போ வச்சிருந்தீங்களே, ரெண்டு கொம்பு வச்சது?”

“உங்க அத்தை எதைத் தூக்கிப் போட்டிருக்கா மாப்ள, என்னையே வச்சிக்கிட்டிருக்கா.”

“அதுவே போதும் மாமா. புதுசா எதுவும் வாங்க வேணாம். புதுப் பெட்டிலேர்ந்து ஒரு ஒயர் இழுத்து அதுல குடுத்து அடுப்படில வச்சிட்டா, அங்கயும் வொய்ஃபை வந்துடும். மொதல்ல அதோட பழைய நெனப்பையெல்லாம் அழிக்கணும். பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும். ஊசி மாதிரி எதையாவது விட்டுக் கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிங்க. மத்ததை நான் வாய்ஸ்ல அனுப்பறேன்.”

பரணில் ஏறினேன். பழைய தலையணை உறைக்குள் சுற்றி, வாயைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தாள். அவிழ்த்தால் சந்தன வாசனை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை டிவி, மிக்ஸி, பைக், சீப்பு வரைக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற பொறுப்பு என்னுடையது. நான் தாராளமானவன். மிக்ஸிக்கு விரலால் வைத்தால் மோடத்துக்குக் கட்டைவிரலால் அப்பியிருக்கிறேன். முன்பக்கம் விளக்கு எரிகிறதே, அது பொட்டுக்கு இடைஞ்சல் என்று பின்பக்கம் அப்பியிருக்கிறேன். வருஷா வருஷம், அதே இடத்தில். மாப்பிள்ளை சொன்ன ஓட்டை அங்கேதான் இருந்திருக்க வேண்டும். இப்போது அது சந்தனத்தில் சிமெண்ட் பூசின மாதிரி அடைந்து கிடந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பாஸ்வேர்டு இருக்குமாம். அதன் மேல் குங்குமம். உலகத்தில் எந்தத் திருடனும் உடைக்க முடியாத பாதுகாப்பு.

ஸ்டிக்கரைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன், எழுத்து தெரிந்தது. ஓட்டைக்குத்தான் வழியில்லை. துடைப்பக் குச்சியை விட்டேன், முனை உடைந்து உள்ளேயே தங்கியது. ஊக்கு வேண்டும். வீடு முழுக்கத் தேடினேன். மேஜை இழுப்பறை, தையல் டப்பா, காலண்டர் ஆணி, எங்கும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. இத்தனை வருஷமும் எனக்கு ஊக்கு வேண்டுமென்றால் அவள் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய், தாலிக் கொடியிலிருந்து ஒன்றைக் கழற்றித் தருவாள். அதில் எப்போதும் நாலைந்து தொங்கும். வீட்டில் இருந்த மொத்த ஊக்கும் சிங்கப்பூர் போய்விட்டது.

மோடத்தை மடியில் வைத்துக்கொண்டு பரண் ஏணியடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊக்கு இல்லை என்பதற்காக ஒரு ஆம்பளை அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். “அண்ணி, ஒரு ஊக்கு குடுங்க.”

“என்ன தம்பி, சட்டைக்குப் பொத்தான் போயிடுச்சா? குடுங்க, தச்சித் தரேன்.”

“சட்டைக்கில்லைங்க. ஒரு பெட்டிக்குக் காது அடைச்சிருக்கு. குடையணும்.”

“அவ போனதுலேர்ந்து உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் கைவைத்து ஒன்றைக் கழற்றினார். “திருப்பிக் குடுத்துடணும். தோசக்கல்லுக்குப் பண்ண மாதிரி இதையும் தேச்சிப் பளபளன்னு ஆக்கிடாதீங்க.”

குடைந்தேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கரண்ட் கொடுத்து அமுக்கிப் பிடித்தேன். விளக்குகள் எல்லாம் ஒரு தரம் அணைந்து மறுபடி எரிந்தன. மோடம் தன் பழைய ஞாபகத்தையெல்லாம் மறந்துவிட்டது. எனக்கு அந்த வசதி இல்லை.

ஒயருக்காகப் பெரம்பலூர் போனேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடை. “எத்தனை மீட்டர் சார்?” என்றார் கடைக்காரர். “கூடத்துலேர்ந்து அடுப்படி வரைக்கும்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வூட்ல மேடத்துக்கு ஃபோன் போட்டு அளந்து சொல்லச் சொல்லுங்க சார்.” மேடம் இல்லை என்று சொன்னால் வேறு அர்த்தம் வரும் என்பதால், பெரிய சுருளாக ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கதவு நிலைக்கு மேலே, நடை உத்தரத்தை ஒட்டி, அடுப்படி ஜன்னல் வழியாக ஒயரை இழுத்தேன். மிச்சமிருந்த ஒயரில் எங்கள் தெருவுக்கே கொடி கட்டலாம்.

மாப்பிள்ளையின் வாய்ஸ் வந்திருந்தது. நல்ல பிள்ளை, நிறுத்தி நிதானமாகப் பேசுவார். அவர் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே ‘சரிங்க மாப்ள’ என்று சொல்லிவிடுவது என் பழக்கம். மாப்பிள்ளையைக் குறுக்குக் கேள்வி கேட்கக்கூடாது என்பது ஒன்று, சீக்கிரம் முடித்துவிடுவார் என்பது இன்னொன்று. அன்றைக்கு வாய்ஸிடமும் பாதியில் ‘சரிங்க மாப்ள’ என்று சொல்லி, அணைத்துவிட்டு, ஒயரை இரண்டு பெட்டியிலும் சொருகினேன்.

அடுப்படியில் வொய்ஃபை முழுசாக வந்தது. கோடுகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. நெட் மட்டும் இல்லை. கூடத்துக்கு ஓடினேன். அங்கேயும் கோடு இருந்தது, நெட் இல்லை. முன்பு பாதி வீட்டில் இருந்ததை, முழு வீட்டிலும் இல்லாமல் ஆக்கியிருந்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது. அவள் கூப்பிடுகிற நேரம். ஒரு பெட்டியை அணைத்தேன், மறு பெட்டியைப் போட்டேன், இரண்டையும் அணைத்தேன். கடைசியில் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். கைப்பிடிச் சுவர் மேல் நின்று டவருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தபோது கீழே அண்ணியின் குரல் கேட்டது.

“தம்பி! அங்க ஏறி என்ன பண்றீங்க? எறங்குங்க! அவ எனக்குப் போன் போட்டு அழுவுறா, நீங்க என்னமோ ஆயிட்டீங்கன்னு!”

அண்ணி தன் போனை மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

“எங்க போனீங்க?” என்றாள் எடுத்ததும்.

“எங்கயும் போவல. வூட்லதான் இருக்கேன்.”

“ஏன் எடுக்கல?”

“ரெண்டு பெட்டிக்கும் சண்டை. சமாதானம் பேசிக்கிட்டு இருந்தேன்.”

சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. “அந்தப் பெட்டியைத் தூக்கி எறிங்க. எனக்கு அடுப்படியும் வேணாம், ஒண்ணும் வேணாம். எப்பவும் போல கூடத்துலயே உக்காருங்க. சாப்பிட்டுப் படுங்க.”

போனைத் திருப்பிக் கொடுத்தேன். படி இறங்கும்போது அண்ணி, “கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து அவ இத்தன நாளு அந்த அடுப்படிய விட்டுட்டு இருந்ததில்ல தம்பி” என்றார்.

மறுநாள் காலையில் வாய்ஸை முழுசாகக் கேட்டேன். நடுவில் நான் அணைத்த இடத்துக்குப் பிறகுதான் விஷயமே இருந்தது. வொய்ஃபையில் சேருகிற ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் கொடுக்கிற வேலையைப் புதுப் பெட்டி செய்கிறது. பழைய பெட்டியும் அதே வேலையைச் செய்தால் எல்லாம் குழம்பும். ஒயர் சொருகுவதற்கு முன்னாலேயே பழைய பெட்டியின் செட்டிங்கில் போய் அந்த வேலையை நிறுத்த வேண்டும். அதற்கென்று தனி விலாச நம்பர் ஒன்றும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெட்டியும் ஒரே விலாசத்தில் நிற்கும். அட, இது எனக்குத் தெரியாதா? ஆலை கேட்டில் ஒரு தடவை இரண்டு பேர் டோக்கன் கொடுக்க ஆரம்பித்து, லாரிகள் ரோடு வரைக்கும் நின்று, டிரைவர்கள் என் பரம்பரையையே எடை போட்டுவிட்டார்கள். டோக்கன் ஒரே ஆள்தான் கொடுக்க வேண்டும். மற்றவன் கதவைத் திறந்துவிட்டால் போதும்.

ஒயரைக் கழற்றிவிட்டு, மாப்பிள்ளை சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். டோக்கனை நிறுத்தினேன். விலாசத்தை மாற்றினேன். கூடத்துப் பெட்டியின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே இதற்கும் வைத்தேன். ஒயரைச் சொருகினேன். முதலில் எவர்சில்வர் தூக்குகளுக்குப் பின்னால் மறைவாக வைத்துப் பார்த்தேன், பாத்திரங்கள் தடுத்தன. அங்கிருந்து எடுத்துக் கதவுக்கு மேலே பலகையில், தண்ணியும் அனலும் படாத இடமாக வைத்தேன். வைத்துவிட்டு, ஊக்கால் குடைந்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக, விரல் நுனியால், ஒரு பொட்டு.

சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். கூடத்தில் எடுத்தேன்.

“சாப்டீங்களா?”

“இரு.” எழுந்து நடந்தேன். நடை வந்தது. படம் நிற்கவில்லை. அடுப்படி நிலைப்படியைத் தாண்டினேன். அப்போதும் நிற்கவில்லை. போனில் பின்பக்கக் கேமராவைப் போட்டு அடுப்படியைக் காட்டினேன்.

சத்தமே இல்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். அவள் முகம் திரைக்கு வெகு கிட்டே வந்திருந்தது. கண் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜன்னல், அஞ்சறைப்பெட்டி, கிரைண்டர், தண்ணிக் குடம். நான் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. கிரைண்டரைப் பார்க்கிற மாதிரி அவள் என்னைப் பார்த்து எனக்கு ஞாபகமில்லை. கிரைண்டர் மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

“கொஞ்சம் எடது பக்கம் திருப்புங்க.”

திருப்பினேன். அங்கே ஆணி இருந்தது. ஆணியில் அது தொங்கியது.

“அது என்ன?”

“எது?”

“அது. பளபளன்னு.”

“தட்டு.”

“ஏங்க! யாரு என் கல்லத் தேச்சது? கம்பி நாரா? கம்பி நாரு போட்டாத் தேச்சீங்க? உங்களுக்கு அறிவிருக்கா? எத்தன வருசமாப் பழக்குன கல்லு! சோப்பு வேற போட்டிருப்பீங்களே, போட்டீங்களா இல்லியா? லாரி எட போட்ட கைய வச்சிக்கிட்டு என் கல்லுல யாரு உங்கள…”

நான் கேமராவை என் பக்கம் மாற்றி, போனைப் புளி டப்பா மேல் சாய்த்துவைத்துவிட்டு, எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் அதை. கல்லிலிருந்து ஆரம்பித்து, கிரைண்டரைத் துணி போட்டு மூடாதது, ஜன்னலில் ஒட்டடை, செருப்பு, கல்யாணமான புதிதில் நான் உடைத்த ஊறுகாய் ஜாடி என்று போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் பெண் எட்டிப் பார்த்து, “என்னம்மா சத்தம்? பாப்பா எழுந்துக்கப் போவுது” என்றாள். “நீ போ, உங்கப்பா பண்ண காரியத்தப் பாரு” என்று அவளையும் விரட்டினாள். நான் “ம்” கொட்டினேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினாள். “எடுங்க கல்ல. அடுப்பப் பத்த வைங்க. சிம்முல வைங்க. நல்லெண்ணெய ஊத்தி, பாதி வெங்காயத்த வச்சித் தேயுங்க. தெனமும் தேய்க்கணும். நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.”

போனை அடுப்புக்கு நேராகத் திருப்பிவைத்துவிட்டுப் பற்ற வைத்தேன். கல்லை வைக்கப் போனபோது, “இருங்க” என்றாள்.

தீ எரிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு ஜோக் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

“ஒரு பக்கம் மஞ்சளா எரியுது பாருங்க” என்றாள் மெதுவாக. “பர்னர் அடைச்சிருக்கு. நான் வர்றதுக்குள்ள…” என்று நிறுத்திக்கொண்டாள்.

“எப்ப வர்ற?”

கேட்டுவிட்டேன். இத்தனை மாசத்தில் நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு என் குரலே எனக்கு யாரோ போல் இருந்தது. அவள் தீயிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது.

“பர்னரக் கழட்டிக் குத்தி விடுங்க மொதல்ல” என்றாள். “நாளைக்குப் பாப்பேன்.”

படம் போய்விட்டது. கறுத்த திரையில் தோசைக்கல்லோடு ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். கதவுக்கு மேலே பழைய பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது. அடுப்படி முழுக்க வொய்ஃபை, வீடு முழுக்க வொய்ஃபை, பேசத்தான் ஆளில்லை. கொஞ்ச நேரம் அடுப்பை அணைக்காமல் வைத்திருந்தேன்.

காலையில் பர்னரைக் கழற்றினேன். ஓட்டைகள் எல்லாம் கரியில் அடைந்து கிடந்தன. துடைப்பக் குச்சியை நம்பவில்லை, அண்ணியின் ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டேன். அண்ணி இரண்டு தடவை கேட்டுவிட்டார். அந்த ஊக்கை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.